மூன்றாம் பக்கத்தில் எங்கள் பேர்

1

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் புதன்கிழமை என்றால் பேப்பர் வரும் நாள். அயர்லாந்தில் ஒவ்வொரு கவுண்டிக்கும் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை இருக்கிறது. கவுண்டி என்பது நம் கணக்கில் மாவட்டம். காலைத் தேநீருக்கு முன்பே கட்டு வந்து வரவேற்பு மேசையில் கிடக்கும். இங்குள்ள பெரியவர்கள் முதலில் மரண அறிவிப்பைப் பார்ப்பார்கள். அடுத்து விளையாட்டு. ஹர்லிங் என்று மட்டையும் சின்னப் பந்துமாக ஓர் ஆட்டம் இங்கே உயிர். ஊருக்கு ஊர் கிளப் உண்டு. எந்த ஊர்ப் பையன் எத்தனை கோல் போட்டான் என்று கடுகளவு எழுத்தில் பக்கம் பக்கமாகப் போடுவார்கள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, டாம் என்ற பெரியவர் பேப்பரைப் பிரிக்காமலே என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று தலையணைக்கடியில் தேடினேன். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. பத்திரிகையைத் தலைநகரத்து ஆட்கள் வாங்கிவிட்டார்களாம். சின்ன கிளப்புகளின் செய்தியை எடுத்துவிட்டு இங்கிலாந்துக் கால்பந்தைப் போடுகிறார்களாம். அவர் கிளப் பேர் வந்து பல வாரம் ஆகிவிட்டதாம். இனிமேல் எனக்கு இது வேண்டாம், மகளிடம் சொல்லி நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்றார். யாரோ தெரிந்தவர் இறந்துபோனதைச் சொல்வதுபோல, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்து மருந்து வண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். நான் இந்த நாட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு பத்து வருடம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் வருவது என் அண்ணனும் அவன் நிறுத்திய பேப்பரும்தான்.

2

எங்கள் ஊர் மீன்சுருட்டி. வெளியூரில் அப்படிச் சொன்னால் போதும். உள்ளூரில் என்றால் 'காலனி' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும், அல்லது கேட்பவர்களே சேர்த்துக்கொள்வார்கள். அப்பா தலைமுறை வரைக்கும் எங்களுக்குக் கையளவு நிலம் கிடையாது. அடுத்தவர் வயலிலும் முந்திரிக்காட்டிலும் கூலி வேலை. எங்கள் தலைமுறையில்தான் ஆளுக்கொரு தொழில் வந்தது. அண்ணன் முருகேசன் எலெக்ட்ரீஷியன். நான் நர்ஸ். அடுத்த வீட்டில் ஒருவர் பஸ் கண்டக்டர்.

அண்ணன் இளவட்டமாக இருந்தபோது கபடி ஆடினான். எதிரணிக் கோட்டுக்குள் பாடிப் போய்த் தொட்டுவிட்டு வருவதில் அவனுக்கு நல்ல பேர். ஆனால் எந்த ஊர்ப் போட்டிக்குப் போனாலும் மைக்கில் அவர்களைக் கூப்பிடுவது "காலனிப் பசங்க அணி" என்றுதான். மற்ற அணிகளுக்கெல்லாம் புலி, சிங்கம், நண்பர்கள் குழு என்று பேர் இருக்கும். எங்கள் அணிக்கும் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

'மருதைச் செய்தி' என்ற பத்திரிகை அப்போது பெரம்பலூரில் அச்சாகிக்கொண்டிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் பஸ்ஸில் கட்டாக ஏறி ஜெயங்கொண்டம் வழியாக எங்கள் ஊருக்கு வரும். நான்கே பக்கம். முதல் பக்கத்தில் கலெக்டர், இரண்டாம் பக்கத்தில் சிமெண்ட் லாரி மோதிய செய்தி, நான்காம் பக்கத்தில் நகைக்கடை. மூன்றாம் பக்கம் முழுக்க விளையாட்டு. அதை எழுதியவர் தர்மலிங்கம், செட்டிகுளத்துக்காரர். இரண்டு மாவட்டத்தில் எங்கே கபடி, எங்கே கைப்பந்து, எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் என்றாலும் மொபெட்டில் வந்து சேர்ந்துவிடுவார். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். மைதானத்து ஓரத்தில், கயிற்றைப் பிடித்தபடி, கடைசிவரை நின்று பார்ப்பார். ஆட்டம் முடிந்ததும் வியர்வையோடு நிற்கிறவர்களிடம் போய் ஒவ்வொருவராகப் பேர் கேட்பார். இனிஷியலும் கேட்பார்.

ஜெயங்கொண்டத்தில் எங்கள் அணி ஜெயித்த ஒரு வாரத்தில் மூன்றாம் பக்கத்தில் செய்தி வந்தது. "மீன்சுருட்டி அணி வெற்றி" என்று தலைப்பு. காலனி என்ற சொல் எங்குமே இல்லை. கீழே ஏழு பேர் பேரும் இனிஷியலோடு இருந்தன. ஆ. முருகேசன் என்பதை அண்ணன் வாய்விட்டுப் படிக்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து, எங்கள் அம்மாவின் கையில் கொடுத்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எது அவன் பேர் என்று நான் தொட்டுக் காட்டினேன்.

அதிலிருந்து எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் மருதைச் செய்தி. அண்ணனே ஏஜெண்ட் ஆனான். வயரிங் வேலைக்குப் போவதற்கு முன் பஸ் நிறுத்தத்தில் கட்டை வாங்கிப் பிரித்து, சைக்கிளில் போய் ஒவ்வொரு வாசலிலும் போட்டுவிட்டு வருவான். அவனுக்கு அதில் பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. பெரிய தினசரி ஒன்று ஒரு வருடம் சந்தா கட்டினால் பிளாஸ்டிக் குடம் என்று ஆள் அனுப்பியது. குடத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். எங்கள் அணி படுதோல்வி அடைந்த வாரத்திலும் பேப்பர் மிஞ்சவில்லை. நான் அதைக் கேட்டபோது அண்ணன் சொன்னது நினைவிருக்கிறது. "தோத்ததையும் உள்ளபடி எழுதுறாரு மலரு. அந்தாளு நின்னு பாத்தாருல்ல."

3

இங்கே வந்த பிறகு பேப்பர் எனக்கு போனில் வந்தது. வாசகர் குழு ஒன்று ஆரம்பித்து செவ்வாயும் வெள்ளியும் பக்கங்களை அனுப்புவார்கள். அதில் சிங்கப்பூரில் இருப்பவர்கள், வளைகுடாவில் இருப்பவர்கள், என்னைப்போல் குளிரில் கிடப்பவர்கள் எல்லாரும் இருந்தோம். மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நேராக மூன்றாம் பக்கத்துக்குப் போவேன். மற்ற பக்கங்களில் இருக்கும் செய்தி எப்படியும் அண்ணியிடமிருந்து வந்துவிடும்.

வந்த புதிதில் எனக்கு இருந்த ஒரே தொந்தரவு பேர்தான். பாஸ்போர்ட்டில் என் பேருக்குப் பின்னால் அப்பா பேர் இருக்கிறது. என் கணவர் பிரபாகர் பேருக்குப் பின்னால் அவர் அப்பா பேர். மகள் நிலாவின் பேருக்குப் பின்னால் பிரபாகர். குடியேற்ற அலுவலகத்தில் இருந்த பெண், ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பேரா என்று கேட்டு, கல்யாணச் சான்றிதழைத் திரும்பவும் மொழிபெயர்த்து வாங்கிவரச் சொன்னார். இரண்டு முறை போய்வந்தோம். அந்த நாட்களில் இல்லத்தில் ஒருவர் என்னைப் பார்த்து "ஹவ் இஸ் த ஃபார்ம்" என்றார். எந்த ஃபார்ம் என்று கேட்டு, பையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினேன். அப்படியென்றால் இந்த ஊரில் சௌக்கியமா என்று அர்த்தமாம். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிக்கிறேன்.

நிலா இங்கேயே வளர்ந்தவள். பள்ளியில் பெண்கள் ஹர்லிங் ஆடுகிறாள். இரண்டு வருடம் முன்பு அவள் அணியின் படம் இந்த ஊர் வாரப் பத்திரிகையில் வந்தது. ஆசையாக வாங்கி வந்து பார்த்தால், படத்துக்குக் கீழே அவள் பேர் நைலா பார்க்கர் என்று இருந்தது. பிரபாகர் பார்க்கர் ஆகிவிட்டது. நான் உடனே பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட எழுந்தேன். நிலா தடுத்துவிட்டாள். "விடும்மா, அதை யாரும் படிக்கிறதே இல்ல" என்றாள். அதற்கப்புறம் அவள் தோழிகள் பார்க்கர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கு அது பிடித்திருக்கிறது. ஆட்டத்துக்குக் கொண்டுபோகும் பையில் அந்தப் பேரையே எழுதி வைத்திருக்கிறாள்.

மாமாவின் பேர் அச்சில் வந்த கதையை அவளிடம் ஒருமுறை சொன்னேன். நல்ல கதை என்றாள். போனைப் பார்த்தபடியே சொன்னாள்.

4

இதற்கிடையில் மருதைச் செய்தியின் பழைய முதலாளி காலமாகி, அவர் மகன் செந்தில் பொறுப்புக்கு வந்திருந்தார். மூன்றாம் பக்கம் மெல்ல மாறியது. பாதிப் பக்கம் கிரிக்கெட் லீக் படங்கள். அந்த ஆட்டத்தை எல்லாரும் முந்தின நாளே போனில் பார்த்து முடித்திருப்பார்கள். மீதிப் பாதியில் விளம்பரம் கொடுத்தவர்கள் நடத்தும் போட்டி. போட்டியைத் தொடங்கி வைத்தவர் மாலையோடு பெரிதாக நிற்பார். ஆடினவர்கள் ஓரத்தில் தலை தலையாகத் தெரிவார்கள். தர்மலிங்கத்தின் பேர் மட்டும் கீழே இருக்கும். அண்ணன் குறைப்பட்டுக்கொண்டேதான் கட்டைப் பிரித்தான். காலனியில் சின்னப் பிள்ளைகள் பேப்பரைத் தொடுவதில்லை. வாங்கியது பழைய ஆட்கள்தான், அவன் முகத்துக்காகவும் பழக்கத்துக்காகவும்.

அண்ணன் மகள் கயல்விழி கபடிக்கு வந்திருந்தாள். அப்பா மாதிரியே ரெய்டு போகிறவள். அண்ணன்தான் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தான். போன வருடம் அரியலூர் பக்கத்தில் ஓர் ஊரில் திருவிழாப் போட்டி. ஊர் பேர் வேண்டாம். இறுதி ஆட்டம் எங்கள் பெண்களுக்கும் அந்த ஊர் அணிக்கும். அதைத் தோழி ஒருத்தி போனில் எடுத்து வைத்திருந்தாள். நான் அதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

கடைசி ரெய்டு கயல்விழியுடையது. இரண்டு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்கு ஓடி வருகிறாள். ஒருத்தி காலைப் பிடிக்க, இவள் விழுந்தபடி கையை நீட்டிக் கோட்டைத் தொடுகிறாள். நடுவர் புள்ளி கொடுக்கிறார். எங்கள் பெண்கள் ஜெயித்துவிட்டார்கள். அப்போது ஒரு பக்கத்திலிருந்து ஆட்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே வருகிறார்கள். சாதியைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கிறது. ஒருவன் கயல்விழியின் பின்னலைப் பிடித்து இழுக்கிறான். அணித் தலைவி அவன் கையைத் தட்டிவிடுகிறாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் படம் ஆடுகிறது, தரை தெரிகிறது. நடுவர் தன் தீர்ப்பை மாற்றவில்லை. கோப்பையை மேடையில் கொடுக்காமல், வேன் பக்கத்தில் வைத்து அண்ணன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பேப்பரில் வந்த தலைப்பு: "வீராங்கனைகள் கைகலப்பு, இறுதி ஆட்டம் பாதியில் நிறுத்தம்." மீன்சுருட்டி காலனி அணியைச் சேர்ந்த கயல்விழி நடுவரிடம் தகராறு செய்ததால் பதற்றம் ஏற்பட்டதாகவும், விழாக் குழுவினர் பெருந்தன்மையோடு நிலைமையைச் சமாளித்ததாகவும் எழுதியிருந்தது. யார் ஜெயித்தது என்பதே இல்லை. கீழே தர்மலிங்கத்தின் பேர்.

5

அண்ணன் அதைப் பஸ் நிறுத்தத்தில், கட்டைப் பிரித்த கையோடு படித்திருக்கிறான். நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு, பிரித்த கயிற்றை எடுத்துத் திரும்பக் கட்டினான். எதிர்ப்பக்கம் பெரம்பலூர் போகும் பஸ் வரும்வரை காத்திருந்து, கண்டக்டரிடம் ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். இதை அண்ணிதான் எனக்குச் சொன்னாள். யாரிடமும் நிறுத்துங்கள் என்று அவன் கேட்கவில்லை. ஆனால் அடுத்த கட்டு வந்தபோது காலனியில் வாங்க ஆளில்லை. எங்கள் தெருவில் ஒருவருக்குப் பிள்ளைகளே இல்லை, கபடியும் பிடிக்காது. அவரும் வேண்டாம் என்றுவிட்டார்.

நான் அந்தச் செய்தியை இங்கே மதிய இடைவேளையில் படித்தேன். அன்று மாலைவரை என் கை வேலையில் இருந்ததே தவிர மனது இல்லை. அண்ணனுக்குப் போன் செய்தால், நல்லாத்தான் இருக்கோம் என்று வைத்துவிட்டான். தெரிந்தவர் ஒருவரிடம் தர்மலிங்கத்தின் எண்ணை வாங்கினேன்.

யார் என்று சொன்னதும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. முருகேசன் தங்கை, ஓட்டப் பந்தயத்தில் ஓடின பிள்ளை என்று அவரே சொன்னார். என்னென்னவோ கேட்க நினைத்திருந்தேன். கடைசியில் ஒன்றுதான் கேட்டேன்.

"சார், அன்னைக்கு நீங்க அங்க நின்னீங்களா?"

"போகலம்மா" என்றார். "முட்டி தேஞ்சு போச்சு. வண்டி ஓட்ட முடியல. கமிட்டி செயலாளரு போன்ல சொன்னாரு, அதைத்தான் எழுதிக் குடுத்தேன். இப்பல்லாம் எல்லா ஆட்டமும் போன்லதான் வருது."

காலனி என்று போட்டிருக்கிறதே என்று கேட்டேன். தான் அப்படி எழுதவில்லை, ஆபீசில் யாரோ சேர்த்திருப்பார்கள் என்றார். பிறகு, எப்படி இருந்தாலும் கீழே என் பேர்தானே இருக்கிறது என்று அவரே சொன்னார். திருத்தம் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். செந்தில் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

நான் இதை அண்ணனிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் மேல் அவ்வளவு தப்பில்லை என்று புரியவைக்கத்தான் சொன்னேன். அன்றைக்குக் கூட்டத்தில் அவர் எங்கோ நின்றிருப்பார் என்றே நினைத்திருந்த அண்ணனுக்கு அது வேறு மாதிரி பட்டது.

"பொய்யி எழுதுனாருன்னாக்கூட, பாவம் என்ன கட்டாயமோன்னு வுட்டுருப்பேன் மலரு" என்றான். "வரவே இல்லியா அந்தாளு?"

அதற்குப் பிறகு அவன் தர்மலிங்கத்தின் பேரை என்னிடம் எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் பேச்சை மாற்றிவிடுவான்.

6

இரண்டு மாதம் கழித்து திருச்சியில் விளையாட்டு விடுதிக்கான தேர்வு. கயல்விழிக்கு அது கிடைத்தால் தங்குவதும் படிப்பும் அங்கேயே. காலனியிலிருந்து எந்தப் பெண்ணும் அதுவரை போனதில்லை. ஓட்டம், தாண்டுதல், ரெய்டு எல்லாவற்றிலும் நன்றாகச் செய்திருக்கிறாள். கடைசியில் தேர்வு செய்யும் அம்மா தன் போனைத் திருப்பி அந்தச் செய்தியின் படத்தைக் காட்டினாராம். யாரோ அனுப்பியிருக்கிறார்கள். விடுதியில் ஒழுங்கு முக்கியம், நடுவரோடு சண்டை போட்டது நீதானே என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லி வீடியோவைக் காட்டியதற்கு, பத்திரிகையில் வந்ததைப் பத்திரிகைதான் மறுக்க வேண்டும், மறுப்பு வாங்கிவா என்று ஒரு வாரம் அவகாசம் கொடுத்தாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு ஆத்திரமும் ஆச்சரியமுமாக இருந்தது. யாரும் படிப்பதில்லை என்று எல்லாரும் சொல்லும் பேப்பர், ஒரு பெண்ணின் பேரைக் கெடுக்கும்போது மட்டும் திருச்சிவரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

கயல்விழி அப்பாவிடம் சொல்லவில்லை. அணித் தலைவியைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறிவிட்டாள். அங்கே நடந்ததை அன்றைக்கே வீடியோ அழைப்பில் எனக்குச் சொன்னாள். செந்தில் வீடியோவை இரண்டு முறை பார்த்தாராம். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை அத்தை என்றாள். விழாக் குழு கொடுக்கும் விளம்பரம்தான் இந்தப் பேப்பருக்கு மூச்சு, மறுப்புப் போட்டால் அது நின்றுவிடும், உங்கள் ஊரில் வாங்கினவர்களும் நிறுத்திவிட்டார்கள், நான் யாரை நம்பிப் போடுவது என்று அவர் கேட்டிருக்கிறார்.

"நான் சொன்னேன் அத்தை. எங்கப்பா நிறுத்துனது நீங்க எழுதுனதுக்கு அப்பறம் சார். அதுக்கு முன்னாடி நான் பொறக்குறதுக்கு முன்னேருந்து வாங்குனாரு. அதுக்காவது போடுங்கன்னேன்."

அப்போது உள்ளறையில் இருந்த தர்மலிங்கம் சுவரைப் பிடித்தபடி நடந்து வந்திருக்கிறார். தப்பு என்னுடையது, என் பேரிலேயே திருத்தம் போடுங்கள் என்று செந்திலிடம் சொன்னாராம். பெண்கள் இருவரையும் உட்காரவைத்து, ஆட்டம் எப்படிப் போனது என்று முதலிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் இனிஷியல் கேட்டாரு அத்தை" என்றாள் கயல்விழி. அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னாயா என்று நான் இரண்டு முறை கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை திருத்தம் வந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில், கட்டம் கட்டி. மீன்சுருட்டி பெண்கள் அணி வெற்றி பெற்றது, ஆட்டம் முழுமையாக நடந்தது, முந்தைய செய்தி நேரில் செல்லாமல் எழுதப்பட்டது, அதற்கு வருந்துகிறேன் என்று தர்மலிங்கம் எழுதியிருந்தார். ஏழு பேர் பேரும் இருந்தன. மு. கயல்விழி என்பதை நான் பெரிதாக்கிப் பார்த்தேன்.

திருச்சி அம்மா அதைப் படித்துவிட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டாராம். கயல்விழிக்கு இடம் கிடைத்தது.

7

திருத்தத்தை நான் அண்ணனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் இல்லை. மகளை விடுதியில் சேர்த்துவிட்டு வந்த பிறகும் அவன் ஏஜென்சியைத் திரும்ப எடுக்கவில்லை. காலனியில் யாரும் திரும்ப வாங்கவில்லை. பெண்கள் இப்போது தங்கள் ஆட்டத்தைத் தாங்களே போனில் நேரடியாகக் காட்டுகிறார்கள். நானும் பார்க்கிறேன். ஆட்டம் முடிந்ததும் அந்தப் படம் எங்கேயோ கீழே போய்விடுகிறது. ஒரு மாதம் கழித்துத் தேடினால் எனக்குக் கிடைப்பதில்லை.

சென்ற விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஒரு காலையில் பெரம்பலூரில் இறங்கி மருதைச் செய்தி ஆபீசுக்குப் போனேன். தர்மலிங்கத்தைப் பார்க்கத்தான் போனேன். அவர் வேலையை விட்டுவிட்டு செட்டிகுளத்தோடு இருக்கிறார் என்று செந்தில் சொன்னார். திருத்தம்தான் அவர் கடைசியாக எழுதியதாம். என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். முப்பதுகளில் இருக்கும் மனிதர், கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

குறைசொல்ல வந்திருக்கிறேன் என்று முதலில் நினைத்திருக்கிறார். இல்லை என்று தெரிந்ததும் மனதில் உள்ளதைப் பேசினார். திருத்தம் போட்ட வாரமே விழாக் குழு விளம்பரத்தை நிறுத்திவிட்டது. அவர்களைப் பார்த்து இன்னும் இரண்டு ஊர். சரி, அந்தப் பெண்களின் ஊராவது திரும்பி வரும் என்று எதிர்பார்த்திருக்கிறார். மேஜை மேல் அடுத்த மாதத்துக்கான மாதிரிப் பக்கம் கிடந்தது. எடுத்துக் காட்டினார். மூன்றாம் பக்கத்தில் ராசிபலனும் சினிமாவும் இருந்தன.

விளையாட்டு இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். ஒரு ஓரமாவது வையுங்கள், வெளியூரில் இருக்கும் எங்களுக்கு அதுதான் பேப்பர் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"அக்கா, நீங்க அயர்லாந்துல இருக்கீங்க. குரூப்புல ஓசியில படிக்கிறீங்க. நான் தப்பா சொல்லல. இங்க, இந்த ரெண்டு மாவட்டத்துல, மூணாம் பக்கம் வேணும்னு கேக்குற ஒரு ஆளு பேரைச் சொல்லுங்க. அவருக்காக வைக்கிறேன்."

நிஜமாகவே கேட்டார். பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். கயல்விழி என்று சொல்ல முடியாது, அவள் அந்தத் திருத்தத்தைத் தவிர பேப்பரைக் கையில் தொட்டதில்லை. அணித் தலைவி, மற்றப் பெண்கள், தெருவில் பழைய ஆட்கள் என்று ஒவ்வொரு வீடாக மனதில் போய்ப் பார்த்தேன். அண்ணன் பேர் வாய்வரை வந்தது. ஆனால் பஸ்ஸில் கட்டைத் திருப்பி ஏற்றியவன் அவன். அவன் பேரை நான் எப்படிச் சொல்வது. யோசித்துச் சொல்கிறேன் தம்பி என்று எழுந்துவிட்டேன். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ஊர் திரும்பும்போது அண்ணன் பஸ் நிறுத்தத்தில் வண்டியோடு நின்றிருந்தான். எங்கே போய்வந்தாய் என்று கேட்டதற்கு டவுனில் ஒரு வேலை என்றேன். வண்டியைக் கிளப்பினான். முந்திரிக்காடு தாண்டியது. பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"பேப்பர் ஆபீசுக்கா போன?"

ஆமாம் என்றேன்.

"மூணாம் பக்கத்தை எடுக்கப்போறாங்கன்னு கண்டக்டர் சொன்னாப்ல. நெசமா?"

"ஆமாண்ணே. அடுத்த மாசத்துலேருந்து ராசிபலனாம்."

அவன் வேகத்தைக் குறைத்தான். நின்றுவிடுவானோ என்று நினைத்தேன். நிற்கவில்லை.

"நீ சும்மாவா வந்த?" என்றான். "எடுக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல."